பக்கத்துச் சீட்டின் பிரேக்

பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள், மூன்றாவது தடவைக்குள் உள்ளே போய் நின்றுவிட வேண்டும் என்று வக்கீல் நாகூர்கனி சொல்லியிருந்தார். அதனால் சவரிமுத்து கோர்ட்டு வராந்தாவில் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றார். யார் பெயரைக் கூப்பிட்டாலும் அவருக்கு ஒரு தடவை தூக்கிவாரிப் போட்டது. சிவப்புப் பட்டையைக் குறுக்கே மாட்டிய டவாலி வாசல்படிக்கு வந்து, திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி ஒவ்வொரு பெயரையும் இழுத்து இழுத்துக் கூப்பிட்டார். இன்றைக்கு வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கள். திண்டுக்கல்லில் இத்தனை பேரா என்று முதலில் மலைப்பாக இருந்தது, கொஞ்ச நேரம் கழித்து இவ்வளவு பேர்தானா என்று தோன்றியது. எல்லாரும் குளித்து, சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் எதையாவது இட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த கூட்டம்போல அடக்கமாக நின்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. கூப்பிட்டதும் உள்ளே போனார்கள், மாஜிஸ்திரேட் கேட்ட ஒரே கேள்விக்கு "ஒத்துக்கிறேம்மா" என்றார்கள், வெளியே வந்தார்கள். சலூனில் முடிவெட்டிக்கொண்டு இறங்குகிறவன் முகத்தில் ஒரு லேசு இருக்குமே, அது வெளியே வந்த ஒவ்வொருத்தர் முகத்திலும் இருந்தது. தானும் அப்படி வந்துவிடலாம். ஒரே ஒரு சொல். காலையில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்தபோது நன்றாகத்தான் வந்தது. இப்போது நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மாட்டேன் என்றது. நேற்று சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. வலது கை பேன்ட் பைக்குள் கிடந்து நடுங்கியது. கை நடுங்காமல் கோர்ட்டில் நிற்க வேண்டுமென்றால் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும், குடித்த கேசுக்குக் குடித்துவிட்டு வந்தால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது.

மூன்று வழி இருக்கிறது என்று நாகூர்கனி நேற்று தன் அறையில் வைத்து விரலை மடக்கிச் சொன்னார். "மொத வழி, ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வீட்டுக்குப் போறது. மொத தடவைதானே, ஜெயிலெல்லாம் இருக்காதுண்ணே. ஆனா குற்றவாளின்னு பதிவாயிரும். ஆர்டிஓ ஆபீஸுக்கு எழுதுவாங்க, லைசென்ஸை சஸ்பெண்டு பண்ணுவாங்க. லைசென்ஸ் இல்லாத ஆளை வச்சு எந்த முதலாளி டிரைவிங் ஸ்கூல் நடத்துவான்? ரெண்டாவது வழி, ஊதுன மிஷின் சரியில்லைன்னு சண்டை போடுறது. ரத்தம் ஏன் எடுக்கல, மிஷினுக்கு சர்ட்டிபிகேட் எங்கன்னு கேக்குறது. அதுக்கு நீங்க ஊதுன அளவு கொஞ்சநஞ்சமா இருந்திருக்கணும். மூணாவது வழிதாண்ணே நம்ம வழி." சட்டம் பிடிப்பது வண்டி ஓட்டுகிறவனை, பக்கத்துச் சீட்டில் இருக்கிறவனை இல்லை. ஓட்டியது படிக்க வந்த பெண், வசுமதி. அவளிடம் எல்எல்ஆர் இருக்கிறது, வண்டியில் எல் போர்டு இருக்கிறது, அவளுக்கு ஒன்றும் ஆகாது. போலீசுக்கு இருக்கிற ஒரே பிடி அவள் அன்றைக்கே கொடுத்த வாக்குமூலம்: சார்தான் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். மிதித்தவர் என்றால் வண்டி அவர் வசம் இருந்தது, அவர்தான் ஓட்டுநர். மிதிக்காதவர் என்றால் வெறுமனே உட்கார்ந்து வந்தவர். "அந்த ஒரு வரியை அந்தம்மா மாத்திச் சொன்னாப் போதும்ணே. சார் எதையும் தொடல, நான்தான் மிதிச்சேன்னு. சின்னப் பொய். யாருக்கும் நட்டமில்லாத பொய்." சவரிமுத்து சரி சரி என்று தலையை ஆட்டினார். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே போனார்போல, ராத்திரி கழுத்து வலித்தது. அப்போது மனசு எட்டுப் போட ஆரம்பித்ததுதான். லைசென்ஸ் வாங்க வருகிறவர்கள் மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போடுவார்களே, அந்த மாதிரி. இந்த வளையம் முடிந்தால் அந்த வளையம், அது முடிந்தால் மறுபடி இது. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் எப்போதும் ஒரு பெடல் இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்துச் சீட்டுக்கு முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் ஒரே கம்பி சேர்த்துப் பிடித்திருக்கும். சொல்லிக்கொடுக்கிறவர் இந்தப் பக்கம் மிதித்தால் படிக்கிறவர் காலடியில் இருப்பதும் கூடவே இறங்கும், அவர்கள் மிதித்தால் இந்தப் பக்கம் இருப்பதும் இறங்கும். அன்றைக்குக் காலை வகுப்பு. வசுமதி மூன்றாம் கியரில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அந்தக் காற்றில்தான் கண் சொக்கியது என்று பல நாள் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காற்று என்ன செய்யும்? விடிவதற்கு முன்னால், ஸ்டெல்லா பால் வாங்கப் போன நேரத்தில், காஸ் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்ததுதான் கண்ணைச் சொக்க வைத்தது. குடித்துவிட்டுக் கிராம்பை மென்றுகொண்டுதான் வண்டியில் ஏறியிருந்தார். வண்டி குலுங்கி நின்றபோது கண்ணைத் திறந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் முதலில் பார்த்தது பெடலை. பிரேக் பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. அதன்மேல் கால் இல்லை. அவருடைய கால்கள் இரண்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சீட்டுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. யாரும் மிதிக்காத பெடல் தானாக அமுங்கி நிற்பதைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம்தான் நிமிர்ந்தார். பானட்டுக்கு முன்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு பள்ளிக்கூடப் பெண்பிள்ளை நின்றது. உருண்டு வந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க ஓடிவந்திருக்கிறது. பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நம்பர் பிளேட்டைப் படிப்பதுபோல வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. வசுமதி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, "நல்லவேளை சார், நல்லவேளை பிரேக்கப் புடிச்சீங்க சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். கூட்டம் கூடியது. ரோட்டை அடைத்து நின்ற வண்டியை ஓரங்கட்டச் சொல்ல வந்த போலீஸ்காரர் இந்தப் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். கிராம்பு கைவிட்டுவிட்டது. "எறங்குய்யா கீழ. யாரு வண்டிய நிப்பாட்டுனது?" என்று அவர் கேட்டார். "சார்தான், சார் மட்டும் மிதிக்கலேன்னா அந்தப் புள்ள..." என்று வசுமதி விம்மினாள். அந்த நேரத்தில் சவரிமுத்து வாயைத் திறந்திருக்கலாம். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான் அவர் செய்தது.

வராந்தாவில் பினாயில் வாசனையும் பழைய காகித வாசனையும் கலந்து வீசியது. எதிரே ஜெராக்ஸ் கடையின் மிஷின் வெளிச்சத்தைக் காட்டிக் காட்டி மறைத்தது. அவருடைய காலுக்கு ஒரு காலத்தில் ஊரில் பெயர் இருந்தது, அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. திண்டுக்கல்லில் பாதி டாக்டர்களுக்கு அவர்தான் கிளட்ச் விடச் சொல்லிக்கொடுத்தார். நாகூர்கனியே அவரிடம் படித்தவர்தான். "உங்க கால் எப்ப வரும், எப்பப் போகும்னே தெரியாதுண்ணே, வண்டி தானா நின்ன மாதிரி இருக்கும்" என்று வக்கீல் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அது பொய்யில்லை. ரோட்டில் போகிற நாய்க்குப் புத்தி மாறுவதற்கு முன்னால் அவருடைய கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். படிக்க வருகிறவர்கள் நடுங்கினால் அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவார்: பயப்படாதீங்க, என் கால் பிரேக்கு மேலதான் இருக்கு. அந்தச் சொல்லை நம்பிக் கிழவிகள் ஓட்டினார்கள், கர்ப்பிணிகள் ஓட்டினார்கள், பரீட்சை பெயிலான பையன்கள் ஓட்டினார்கள். குடி முதலில் ராத்திரியில் இருந்தது. ராத்திரிக் குடி காலையில் கையை நடுங்கவைத்தது, நடுக்கத்தை நிறுத்தக் காலையிலும் கொஞ்சம் வந்தது, அதில் என்ன பெரிய தப்பு, மருந்து மாதிரிதானே. கை நின்றது. கால் எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை. போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா? சொல் மட்டும் தேய்ந்த கேசட் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, என் கால் பிரேக்கு மேலதான் இருக்கு, என் கால் பிரேக்கு மேலதான் இருக்கு. எத்தனை பேரை அப்படி மேம்பாலத்தில் ஏற்றியிருப்பார். எத்தனை தடவை அந்தக் கால் சீட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். அன்றைக்குப் பெடல் அமுங்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் கண்ணுக்கு வந்தது. நீல நிறம், மூடியில் ஒரு கயிறு. பிள்ளையின் முகம் ஞாபகமில்லை, பாட்டில்தான் ஞாபகம் இருந்தது. பாட்டில் மட்டும் ரோட்டில் உருண்டு போய்க்கொண்டே இருந்தது. பயத்தில் அவருக்கு மூத்திரம் முட்டியது.

"முனியசாமி... முனியசாமி... முனியசாமி..." என்றது டவாலியின் குரல். அது நம் பெயர் இல்லை. முனியசாமி என்கிற ஆள் வேட்டி கட்டிப் பழகாதவர்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஸ்டெல்லா இன்று சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தாள். பல வருஷமாக அவள் அவருடைய சட்டையைத் தேய்ப்பதில்லை. அவருடன் பேசுவதும் சோறு, சாவி, கரண்டு என்று தேவைக்கு மட்டும்தான். அந்தச் சம்பவத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தபோது, அந்தப் பிள்ளையின் அம்மா எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்து நின்றாள். வேதக்காரப் பெண்கூட இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சனங்கள் பார்க்க, குனிந்து அவருடைய வலது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்க வேண்டும் என்று மூளை சொன்னது, கால் வழக்கம்போலக் கேட்கவில்லை. ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள். கல்யாணத்தன்று அவளுக்கு இருந்த முகம் ஒரு நொடி வந்து போனதை அவர் பார்த்தார். அன்றைக்கு மதியம் மீன் குழம்பு வைத்தாள். இன்று கிளம்பும்போது சட்டையை நீட்டிக்கொண்டே, "ஒத்துக்கிட்டு வந்துருங்க. குடிச்சீங்க, ஆமா. புள்ளையக் காப்பாத்துனீங்க, அதுவும் ஆமா. ரெண்டும் உங்க பேர்ல இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அவள் இவ்வளவு நீளமாக அவரிடம் பேசி எவ்வளவு காலமாயிற்று. வேலை போனாலும் பரவாயில்லை, நான் இட்லிக்கடைக்குப் பாத்திரம் தேய்ச்சாவது பார்த்துக்கிறேன் என்று வேறு சொன்னாள். அதைக் கேட்டதும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒத்துக்கொள்வதுதான் சரி. ஒத்துக்கொண்டால் வேலை போகும், ஆனால் அந்த முகம் வீட்டில் இருக்கும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலை இருக்கும், மிதிக்கவில்லை என்று ஆகிவிடும், அந்த முகம் போய்விடும். செய்யாத ஒன்றை ஒத்துக்கொண்டால் நல்லவன், செய்யவில்லை என்ற உண்மையைச் சொன்னால் வக்கீல் வைத்துத் தப்பித்தவன். என்ன கணக்குடா இது சவரிமுத்து என்று தன்னையே வைதுகொண்டார். எட்டு மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது.

கேட்டைத் தாண்டி வசுமதி வருவதைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய்விடலாமா என்று இருந்தது. அவள் அதற்குள் பார்த்துவிட்டாள். தோளில் பெரிய பை, சேலை ஓரத்தில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். புருஷன்தான் ஆம்னி வேனில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தான். சர்க்கரை அவன் கண்ணைத் தின்றுவிட்டது, இரண்டு கண்ணிலும் இப்போது நிழல்தான் தெரியுமாம். வேன் சந்துக்குள் தார்ப்பாய் மூடி நின்றது. அதை எடுத்து ஓட்டத்தான் அவள் படிக்க வந்தாள். "கும்புடுறேன் சார். கூப்புட்டுட்டாங்களா?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"இன்னும் இல்லம்மா. நீ எதுக்கு வந்த? இன்னைக்கு சாட்சியெல்லாம் இல்லை."

"மனசு கேக்கல சார். எனக்குச் சொல்லிக்குடுக்கப் போயி உங்களுக்கு இந்தக் கேசு." அவள் அவருடைய கையைப் பார்த்தாள், பைக்குள் நடுங்குவது தெரிந்திருக்கும், பார்வையை எடுத்துக்கொண்டாள். "வேன வெல பேசி முடிச்சிட்டோம் சார். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கிறாங்க."

"ஏம்மா? நல்லாத்தானே ஓட்டுன?"

"எங்க சார் ஓட்டுனேன். கை வந்துச்சு, காலு வரல. அந்தப் புள்ளையப் பாத்ததும் என் காலு மரத்துப்போச்சு. பெடலு அதுபாட்டுக்கு எறங்குச்சு, நீங்க மிதிச்சது தெரிஞ்சுச்சு. நீங்க இல்லாம நான் மட்டும் அந்த வேன்ல இருந்திருந்தா..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ராத்திரில அது கனவுல வருது சார். எனக்கெல்லாம் வண்டி எதுக்கு."

சவரிமுத்து அவளுடைய காலைப் பார்த்தார். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, நகத்தில் பழைய மருதாணி, கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலில் மிஞ்சி. அந்தக் கால்தான். மரத்துப்போனதாக நினைத்துக்கொண்டிருக்கிற அந்தக் கால், அவளுக்கே தெரியாமல், அவளைக் கேட்காமல், பெடலைத் தரைவரைக்கும் கொண்டுபோனது. முதல் மாதத்திலேயே அப்படி ஒரு கால் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவருக்கு வாய்த்திருந்தது. தொழில் தெரிந்தவர் என்கிற முறையில் ஒரு சந்தோஷம்கூட வந்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம். உடனே பயம் வந்தது. சொல்லிவிட்டால் என்ன? இப்போதே, இந்தத் தூணுக்குப் பக்கத்தில், மெதுவாக, இரண்டு பேருக்குள். அம்மா, அது உன் கால்தாம்மா. அவள் அடுத்த கேள்வி கேட்பாளே. அப்ப உங்க கால்? வாய் வரைக்கும் வந்ததை எச்சிலாகக் கூட்டி விழுங்கினார்.

நாகூர்கனி கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டபடி வேகமாக வந்தார். வசுமதியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா, நல்ல சமயத்துல வந்தீங்க. அண்ணே இன்னைக்கு மறுத்துருவாரு. அடுத்து வாய்தா போட்டு உங்களைக் கூப்புடுவாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். சார் பிரேக்கத் தொடல, நான்தான் மிதிச்சேன். சரியா?"

"அது பொய்யில்ல சார்?"

"ஒரு மனுசனோட பொழப்பக் காப்பாத்துற பொய்ம்மா."

வசுமதி தலையை அசைத்தாள். "கோர்ட்டுல ஏறி எப்படி சார் சொல்றது. அவர் காலு மிதிச்சதால ஒரு புள்ள உசுரோட இருக்கு. அத இல்லேன்னு சொன்னா எங்க வீட்டு வாசல்ல வெளக்கு எரியுமா? வேற என்ன வேணாலும் சொல்றேன். அவர் நல்லவர்னு சொல்றேன். இதச் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்பதுபோல சவரிமுத்துவைப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் இருந்த மரியாதையைப் பார்க்க அவரால் முடியவில்லை. வக்கீல் பொய் என்று நினைத்துக்கொண்டு ஒரு உண்மையைக் கெஞ்சிக் கேட்கிறார். அவள் உண்மை என்று நினைத்துக்கொண்டு ஒரு பொய்யை உயிரைப்போலப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் தூணைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறான். சுண்ணாம்பு நகத்துக்குள் ஏறி வலித்தது. ஒரு குவாட்டர் இருந்தால் போதும், எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று உடம்பு சொன்னது. இந்த உடம்பு எப்போதும் இதையே சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரோ வந்து தார்ப்பாயை உருவிவிட்டு வேனை ஓட்டிக்கொண்டு போவான். கண் தெரியாதவன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் மாவு சுமப்பாள். தனக்குக் கால் இல்லை என்று சாகும்வரை நம்புவாள். ஸ்டெல்லா சட்டை தேய்ப்பாள். மீன் குழம்பு வைப்பாள். அந்தப் பிள்ளையின் அம்மா வருஷா வருஷம் வந்து காலைத் தொடுவாள். அந்தக் கால் ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொள்ளாமல் நிற்கும்.

"சவரிமுத்து... சவரிமுத்து..."

இரண்டாவது கூப்பாட்டிலேயே போய்விட்டார். உள்ளே மின்விசிறி கடகடத்தது. மாஜிஸ்திரேட் சின்ன வயசுப் பெண், கண்ணாடி போட்டிருந்தார். இவருக்குக் கார் ஓட்ட யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு ஓடியது. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சு கிளார்க் எதையோ விறுவிறுவென்று படித்தார். மது அருந்திய நிலையில், வாகனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்து, என்று காதில் விழுந்தது. பின்னால் கதவோரம் வசுமதி கையைக் கூப்பி நிற்பது தெரிந்தது.

"குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?" என்று மாஜிஸ்திரேட் தலை நிமிராமல் கேட்டார். காலையிலிருந்து எல்லாரிடமும் கேட்ட அதே குரல்.

ஒத்துக்கிறேம்மா. சொல் தயாராக இருந்தது. வாயைத் திறந்தார். "குடிச்சிருந்தேம்மா" என்றார். "காலையிலேயே குடிச்சிருந்தேன். தெனமும் குடிப்பேன். ஆனா பிரேக்க நான் மிதிக்கல. என் காலு அதுல இல்ல. நான் தூங்கிட்டேன். கண்ணு முழிச்சுப் பாத்தப்ப பெடலு அமுங்கியிருந்துச்சு, என் காலு ரெண்டும் சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. அந்தம்மாதான் மிதிச்சது. அவங்களுக்கே தெரியாது. அவங்கதான் அந்தப் புள்ளையக் காப்பாத்துனது. நான் ஒண்ணுமே செய்யலம்மா."

மாஜிஸ்திரேட் இப்போது நிமிர்ந்து பார்த்தார். நாகூர்கனி ஒரே எட்டில் முன்னால் வந்து குனிந்து, "குற்றச்சாட்டை மறுக்கிறார், வாகனம் அவர் கட்டுப்பாட்டில் இல்லை" என்றார். சவரிமுத்து இல்லை என்று சொல்ல நினைத்தார். மறுக்கவில்லை, நான் எதையுமே மறுக்கவில்லை, பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் ஒன்றை ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் கிளார்க்கின் பேனா ஓட ஆரம்பித்திருந்தது. குற்றத்தை மறுக்கிறார். விசாரணைக்கு வாய்தா. அடுத்த பெயர்.

வெளியே வந்ததும் நாகூர்கனி அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினார். "பிரமாதம்ணே! நான் சொல்லிக்குடுத்ததவிட நூறு மடங்கு. அந்தத் தூக்கம், அந்தச் சீட்டுக்கு அடியில, அதெல்லாம் எப்படிண்ணே தோணுச்சு? கேசு நிக்காது, எழுதி வச்சுக்கங்க." பைக்குள் போன் அடித்தது. ஸ்டெல்லாவாகத்தான் இருக்கும். அவர் எடுக்கவில்லை. யார் யாரோ ஃபைன் கட்டப் போய்க்கொண்டிருந்தார்கள், எல்லார் முகத்திலும் அந்த லேசு இருந்தது.

வசுமதி வேப்பமரத்துக்குக் கீழே நின்றாள். வக்கீலைப்போல அவள் நினைக்கவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவர் பக்கத்தில் போனதும் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நெசமா சார்?"

"நெசம்மா. உன் காலுதான். வண்டிய விக்காத."

அவள் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். முகத்தில் எதுவோ ஏறியது, சந்தோஷம்தான் அது. பிறகு அது அப்படியே நின்று, இறங்கி, வேறாக மாறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்தபோது கண்ணில் அந்த மரியாதை இல்லை.

"மேம்பாலத்துல ஏறுறப்ப வண்டி பின்னால போச்சே, பின்னாடி லாரி நின்னுச்சே. பஸ் ஸ்டாண்டு முன்னாடி அந்தக் கூட்டத்துல. நான் நடுங்குனப்பல்லாம் சொன்னீங்களே சார், பயப்படாதம்மா, என் காலு பிரேக்கு மேலதான் இருக்குன்னு. அத நம்பித்தான் சார் ஓட்டுனேன். எம் புள்ளைங்களப் பின்னாடி உக்கார வச்சுக்கூட ஒருநாள் ஓட்டுனேன்." அவளுடைய குரல் உயரவில்லை. "அப்ப அத்தனை நாளும் உங்க காலு எங்க சார் இருந்துச்சு?"

டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பைக்குள் போன் நின்று மறுபடி அடித்தது. என்னென்னவோ சொல்லலாம் என்று இருந்தது. முன்னெல்லாம் இருந்தது என்று சொல்லலாம், அந்தக் காலில் ஊரே ஓட்டப் படித்தது என்று சொல்லலாம்.

"சீட்டுக்கு அடியிலம்மா" என்றார்.

அவள் சரி என்று தலையை அசைத்தாள். "வேற ஸ்கூல்ல சேந்துக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.